பின்னால் நின்றவன்

முத்தியால்பேட்டை ஜிம்மில் நெஞ்சும் புஜமும் வளர்க்க ஆள் பஞ்சமே இல்லை. கால் பயிற்சி என்றால்தான் பையன்களுக்கு வீட்டு வேலை ஞாபகம் வந்துவிடும். அதனால்தான் முஆஸ் நூற்று எண்பது கிலோ பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டிய அன்று, பின்னால் காவலுக்கு நிற்க ஆரிப்பைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

ஆரிப், முஆஸின் தங்கை நூரீனின் கணவன். அதற்கு முன்பே நண்பன். இருவரும் இதே ஜிம்மில் ஒன்றாகக் கால் பயிற்சி செய்து தொடை நடுங்கியவர்கள். போன வருஷம் அவர்கள் கல்யாண விருந்தில், பெண்ணைப் பெற்றவரான முஆஸின் அத்தாவைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்து, கறி தீர்ந்துபோன பிரியாணியைப் போட்டார்கள் மாப்பிள்ளை வீட்டார். அன்று நின்ற பேச்சுதான். இரண்டு பேருக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை.

பயிற்சி தரும் ராஜாங்கம் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த எடையோடு இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கி எழுந்தால் புதுச்சேரி வலுதூக்கும் அணியில் இடம். பின்னால் நிற்பவன் விரல் பட்டாலும் செல்லாது. விழப்போனால் மட்டும் பிடிக்கலாம். பெயர்களை மாலையே அனுப்ப வேண்டும், மறு வாய்ப்புக் கிடையாது.

அந்த விரல்தான் முஆஸை அரித்தது. கெடுக்க நினைத்தால் ஆரிப் தள்ளிவிட வேண்டியதில்லை, லேசாகத் தொட்டால் போதும். விழுந்துவிடுவான் என்று பயந்தேன் என்பான். யார் குற்றம் சொல்ல முடியும்?

அந்த நினைப்பிலேயே இடுப்பில் பெல்ட்டை இறுக்கினான்; அதன் நுனியைச் செருகக்கூடத் தோன்றவில்லை. பாரைத் தோளில் ஏற்றி, வயிறு நிறைய மூச்சை இழுத்து அடைத்தான். அந்த மூச்சுதான் முதுகுக்கு முட்டு. எழுந்து முடிக்கும்வரை அதை விடக் கூடாது என்பது முதல் நாள் பாடம்.

இறங்கினான். எழும்போது பாதியில் பார் நின்றது. தொடைகள் வெடவெடத்தன. உள்ளே சாயப் பார்த்த முட்டிகளை வெளியே தள்ளினான். பார் கொஞ்சம் ஏறியது. இன்னும் கொஞ்சம். எழுந்துவிடுவோம் என்று அவனுக்கே தெரிந்தது. அப்போது விலாவில் ஏதோ உரசியது.

"தொடாத" என்று கத்தினான்.

சொல்லோடு மூச்சும் போனது. வயிறு தளர்ந்து, முதுகு மடங்கி, பார் அவனை அமுக்கிக்கொண்டு இறங்கியது. ஆரிப் பின்னாலிருந்து அவன் நெஞ்சைச் சேர்த்துக் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினான். மாஸ்டர் ஓடி வந்து கை கொடுக்க, பார் ஸ்டாண்டில் ஏறியது. மாஸ்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

முஆஸ் தரையில் உட்கார்ந்தான். அழுகை முட்டியது. குனிந்தபோது விலாவில் மறுபடி அதே உரசல். செருகாமல் விட்ட பெல்ட்டின் நுனி.

ஆரிப் எதிரே குந்தினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"நான் தொடல மச்சான். ஒரு வருஷமா எங்கிட்ட பேசாம இருந்தியே, இன்னும் ஒரு நிமிஷம் பேசாம இருந்திருக்கக் கூடாதா?"