முதுகில் வந்த கடிதம்

ஓசூர் விடுதியில் ஒன்பது வயது லாவண்யா குத்திய பிரெய்ல் புள்ளிகள் காகிதத்தில் நிற்கவில்லை. அஞ்செட்டியில் அவள் அம்மா சம்பங்கியின் முதுகில் எழும்பின. ஆடி இரண்டாம் செவ்வாயன்று இது தொடங்கியது. பகலில் கம்பெனியில் போல்ட் அளவு சரிபார்த்துவிட்டு, மாலையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்த சுஜாதா, தன் மேல்தான் தப்பு என்று நினைத்தாள். தாளை மாற்றினாள், எழுத்தாணியை மாற்றினாள், தேதி போட்டுக் குறித்துவைத்தாள். மற்ற ஏழு பிள்ளைகளின் தாள்களில் புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. லாவண்யாவின் தாள் மட்டும் வழவழவென்றே இருந்தது.

அஞ்செட்டியில் அதை அம்மை என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை சம்பங்கி வீட்டைவிட்டு வரக் கூடாது. ஆனால் பழையது அமுங்குவதற்குள் மாலை ஆறரைக்குப் புதிது எழும்பிவிடும். மாதாமாதம் மகளைப் பார்க்க வந்தவள் இரண்டு மாதமாக வரவில்லை. தாய் கையெழுத்துப் போடாமல் விடுதியில் பிள்ளையை வெளியே அனுப்பமாட்டார்கள்.

விசாரிக்க சுஜாதா ஒரு ஞாயிறு பஸ் ஏறினாள். சம்பங்கியின் நாத்தனார் சரசம்மா வாசலில் மறித்தாள். "தொடாத கண்ணு. மூஞ்சியெல்லாம் தழும்பாயிட்டா உன்னை எவன் கட்டுவான்?"

"இப்ப மட்டும் வரிசையிலயா நிக்கறாங்க?" என்றபடி சுஜாதா உள்ளே போய் முதுகில் விரல் வைத்தாள். ஒன்பது வரியிலும் ஒரே வாக்கியம்: அம்மா, வந்து கூட்டிக்கிட்டுப் போ. இரண்டு பிழைகள்.

"எம்புள்ள கூப்புடுதா?" சம்பங்கி எழுந்துவிட்டாள்.

"எங்க போற? மாரியம்மா எறங்காம கண்டக்டர் ஏத்தமாட்டான்" என்றாள் சரசம்மா. கடிதம் என்று சுஜாதா சொன்னதை ஊரில் யாரும் மறுக்கவில்லை. மாரியம்மா கடிதமாக வரக் கூடாதா என்றார்கள்.

திங்கட்கிழமை சுஜாதா லாவண்யாவிடம், பத்து நாள் எழுதாமல் இருந்தால் அம்மா வந்துவிடுவாள் என்றாள்.

"எழுதலைன்னா நான் இருக்கேன்னு அம்மாவுக்கு எப்படி மிஸ் தெரியும்?"

"நான் சொல்லியிருக்கேன்."

முதல் மாலை லாவண்யா கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாலை, சுற்றிலும் ஏழு பேர் குத்தும் சத்தத்தில், அவள் விரல்கள் எழுத்தாணியைத் தேடி எடுத்தன. அதைப் பிடிக்கப் பழக்கவே சுஜாதாவுக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. பிடுங்க நீட்டிய கை பாதியில் நின்றது. அது சரியா என்று அவளுக்கு இன்றும் தெரியாது.

அதன்பின் சுஜாதா ஞாயிறுதோறும் அஞ்செட்டி போய் சம்பங்கிக்கு வாசித்துக் காட்டினாள். பிழைகளைக் குறித்துவந்து திங்கட்கிழமை திருத்திக் கொடுத்தாள். மார்கழியில் ஒருநாள் ஒன்பது வரிகளையும் தடவி முடித்து, மறுபடி முதல் வரியிலிருந்து தடவினாள்.

"இந்த வாரம் எத்தனை தப்பு டீச்சர்?"

"ஒண்ணும் இல்லைக்கா. எல்லாம் சரியா எழுதியிருக்கா."

சம்பங்கி ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு, டீச்சருக்குக் காப்பி வைக்க அடுப்பைப் பற்ற வைத்தாள்.