ஏழாவது கட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம்தான் எனக்கிருந்த ஒரே பேராசை. அதையும் விட்டுவிட்டு மாட்டுங்கா ரயில் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். தாராவிக்குப் போய், என்னிடம் எழுத்துப் படிக்கும் பேராச்சியிடமிருந்து ஏழாவது கட்டைப் பிடுங்கி வர வேண்டும்.

கட்டு என்பது என் புத்தகத்தின் ஒரு துண்டு. வாரப் பத்திரிகையில் இரண்டு வருஷம் வந்த தொடர்கதையைக் கத்தரித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தேன். யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் அந்தக் கதை புத்தகமாக வரவேயில்லை. பம்பாயில் முழுசாக இருப்பது என்னிடம் மட்டும்தான் என்று எனக்கொரு கர்வம். அதனால் கேட்டவர்களும் அதிகம். ஒவ்வொருவராகப் படித்து முடிப்பதற்குள் யுத்தமே முடிந்துவிடும். தையலைப் பிரித்துப் பத்துக் கட்டுகளாக்கி, மாட்டுங்கா சிநேகிதிகளுக்கும், நான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் தாராவி மாலை வகுப்புப் பெண்களுக்கும் சுற்றில் விட்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. பள்ளிக்கூடம், வகுப்பு, நடுவில் இந்தக் கட்டுகளைத் தேடி அலைச்சல் என்று ஆகிவிட்டது. ஏழாவது ஆறு வாரமாகப் பேராச்சியிடமே தங்கிவிட்டது.

“வெள்ளிக்கிழமை நாக்பூர் கெளம்பறோம் ராஜி. கதை பாதியில நிக்கறதே” என்று காலையில் எதிர்வீட்டு ஷ்யாமளா அழாத குறை.

பேராச்சி வீட்டு வாசலில் ஐந்தாறு பெண்கள் மிட்டாய்க்காக நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேராச்சிக்கு முகம் செத்துவிட்டது. உள்ளே கூட்டிப் போனாள்.

“படிச்சாச்சா இல்லையா?”

“படிச்சதுதான் வம்பாப் போச்சு டீச்சரம்மா.” குரலைத் தாழ்த்தினாள். “அவளுவளுக்கு நாந்தான் வாசிச்சுக் காட்டுதேன். இதுல கோமளம் கெணத்துல விழுந்து சாகுதாள்லா? சொர்ணம்மா அக்கா மவ போன வருசம் ஊர்ல அப்பிடித்தான் போனா. அந்தக்கா தெனமும் வந்து உக்காந்து கேக்கா. நான் எப்பிடி வாசிக்க?”

“ஆறு வாரமா என்னதான் வாசிச்சே?”

“கெணத்தடிக்குப் போவ விடாம இழுத்தடிக்கேன். ஒருநா மழைங்கேன், ஒருநா மாமியாருக்குக் காய்ச்சலுங்கேன். கட்டைக் குடுத்தா வேற யாராச்சும் வாசிச்சுருவாவளே…”

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்தக் கிணற்றடி. எத்தனையோ தடவை படித்து அழுதிருக்கிறேன். அழுது முடித்து, எழுந்துபோய்க் காபி கலந்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்ததும் கூசிப் போனேன்.

கட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சொர்ணம்மாள் நகர்ந்து கோணியில் இடம் விட்டாள்.

“இன்னைக்கு டீச்சரம்மாவே வாசிக்கட்டும். இவ வாசிச்சா மழையே விட மாட்டேங்கு.”

உட்கார்ந்தேன். வகுப்பில் ஓர் எழுத்தை விழுங்கினாலும் திரும்ப வாசிக்கச் சொல்கிறவள் நான். காகிதத்தில் கோமளம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுச் சுவரின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள்.

“கோமளம் தண்ணீர் சேந்தி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்” என்று வாசித்தேன்.

பேராச்சி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடலை உடைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

“பெறவு?” என்றாள் சொர்ணம்மாள்.

மீதி மூன்று கட்டுகளிலும் கோமளம் கிடையாது. சொர்ணம்மாளின் விரல்களுக்கு நடுவே ஒரு கடலை உடைபடாமல் இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டினேன்.