நானே கேட்டாலும் சொல்லாதீங்க

கிடங்கு வாசலில் காவல் நிற்பவருக்கு யாரையும் நம்பாமலிருப்பதுதான் வேலை. இவர் அதைச் சம்பளத்துக்காகச் செய்யவில்லை, பிறவிக்குணம். ஒரு தடவை கிடங்கு முதலாளியையே அடையாள அட்டை இல்லையென்று வெயிலில் நிறுத்தி வைத்தவர். "என் மூஞ்சியைப் பார்த்தா தெரியலையாய்யா?" என்று முதலாளி கத்தியதற்கு, "மூஞ்சியை யாரு வேணும்னாலும் வெச்சுக்கலாம். அட்டையைக் காட்டுங்க" என்றார்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த பிள்ளை வேறு எதைப் படிப்பான்? கணினி வலையமைப்புப் பாதுகாப்பு. அடுத்தவன் கணினிக்குள் திருடன் எப்படி நுழைகிறான், அவனை எப்படித் தடுப்பது என்பதற்கு ஒரு பட்டம்.

"இதுக்கு எதுக்குடா காலேஜ்? ஒரு வாரம் என் கேட்டுல வந்து நில்லு, போதும்" என்றார் காவலாளி.

பையன் படித்ததையெல்லாம் வீட்டில் வந்து அப்பாவுக்கு ஓதினான். "போன்ல ஆறு இலக்க நம்பர் வரும்ப்பா. யாரு கேட்டாலும் சொல்லிடாதீங்க. பேங்க்னு சொல்லுவான், போலீஸுன்னு சொல்லுவான்."

"நீ கேட்டா?"

"நானே கேட்டாலும் சொல்லாதீங்க. இப்போ என் குரல்லயே பேசுற மெஷின் எல்லாம் வந்தாச்சு."

பசுமரத்தில் அடித்த ஆணியாக அது இறங்கிவிட்டது.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வு வந்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு கணினி. ஒரு வாரம் மற்றவர்கள் அதை உடைக்கப் பார்ப்பார்கள்; ஆள்மாறாட்டம் செய்து வீட்டுக்காரர்களை ஏமாற்றியும் பார்க்கலாம், வீட்டில் சம்மதம் வாங்கியிருந்தால். வாரக் கடைசியில் பேராசிரியை முன்னால் அவனவன் கணினியை அவனவனே திறந்துகாட்ட வேண்டும். திறக்காவிட்டால் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

பையன் தன் கணினிக்கு மாற்றுச்சாவியாக அப்பாவின் போனைக் கொடுத்திருந்தான். கடவுச்சொல் மறந்தால் அவருக்குத்தான் எண் வரும். "உங்களை விட நல்ல பூட்டு எங்க கிடைக்கும்?" என்றான். காவலாளிக்கு உச்சி குளிர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பில் 'எலி' என்று ஒருத்தன். எந்தக் கணினியையும் கொறித்துப் பார்ப்பவன். அந்த வாரம் காவலாளியைப் போனில் அழைத்து, பையன் குரலில் குழைந்தான். "அப்பா, சாப்டீங்களாப்பா? வெயில்ல நிக்காதீங்கப்பா, உடம்பைப் பாத்துக்கங்கப்பா. அந்த நம்பரை மட்டும் கொஞ்சம் சொல்றீங்களா?"

காவலாளி கிடங்கு வாசலில் கற்ற பாடம் ஒன்று உண்டு. திருட வருகிறவன்தான் மரியாதையாகப் பேசுவான். சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரன் திட்டிக்கொண்டே வருவான். "என் பையன் நான் சாப்டேனான்னு கேட்டு வருஷக்கணக்காச்சு. வைடா போனை" என்றார்.

தேர்வன்று காலை பையன் சொல்லிவிட்டுத்தான் போனான்: "இன்னிக்கு என்னைக் கூப்பிடாதீங்கப்பா. ஹால்ல போனே கிடையாது."

மதியம் போன் அடித்தது. தெரியாத எண்.

"அப்பா, நான்தான்ப்பா."

"யாரு நான்தான்?"

"உங்க பையன்! எலி என் போனை எடுத்து மணி பார்த்தான்ப்பா. உள்ள எதையாவது வெச்சிருப்பானோன்னு பயந்து எல்லாத்தையும் அழிச்சிட்டேன். கடவுச்சொல்லும் அதுலதான் இருந்துச்சு. இப்போ உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், தயவுசெஞ்சு சொல்லுங்க."

எண் வந்துதான் இருந்தது. ஆனால் தேர்வுக்கூடத்தில் போன் கிடையாது. கூப்பிடுகிற எண் புதுசு. 'தயவுசெஞ்சு' வேறு. பின்னால் ஒரு கூட்டமே சிரிக்கிறது. காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பரீட்சை எழுதுற பையன் போன்ல பேசுவானா?"

"மேடம் போன்ப்பா. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும்னு அவங்க விதி. எல்லாரும் கேக்கறாங்க."

"அப்போ கூட்டாளிங்க எத்தனை பேரு?"

ஒரு பெண்குரல் குறுக்கே வந்தது. "ஐயா, நான் இவரோட பேராசிரியை பேசறேன்."

"பொம்பளைக் குரலும் வெச்சிருக்கீங்களா? நல்லா நடத்துறீங்கடா தொழிலை."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. பையன் கெஞ்சினான். "என்ன வேணும்னாலும் கேளுங்கப்பா, நான்தான்னு நிரூபிக்கிறேன்."

"என் பையன் எது வரைக்கும் படுக்கையை நனைச்சான்?"

வகுப்பு முழுதும் மூச்சை அடக்கிக் காத்திருந்தது. "அஞ்சாங்கிளாஸ்" என்றது ஒரு கம்மிய குரல்.

"அது தெருவுக்கே தெரியும். பாய் காயறதைப் பாத்தவங்கதானே எல்லாரும். வேற சொல்லு."

"அப்பா, நேரம் முடியுதுப்பா! ஒரு வருஷம் போயிடும்ப்பா!"

"அழுது காட்டுறான் பாரு. நடிப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

பையனுக்குள் ஏதோ அறுந்தது. "ஏம்ப்பா, உங்க மண்டையில கொஞ்சமாவது மசாலா இருக்கா? உங்ககிட்ட பேசுறதுக்குப் போய்ச் சுவத்துல முட்டிக்கலாம்! சின்ன வயசுலேர்ந்து இதே ரோதனை! ஸ்கூல்ல ரிசல்ட் வந்தாலும் நம்ப மாட்டீங்க, காய்ச்சல்னாலும் நம்ப மாட்டீங்க! பெத்த பிள்ளையைக்கூட நம்பாத மனுஷன் எதுக்குப் பெத்துக்கணும்? வைங்க போனை, நான் ஃபெயிலாவே போறேன்!"

காவலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"டேய், நீதானா? இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? எழுதிக்க." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு இலக்கமாக, கேட்டில் லாரி எண்ணைக் கூவுகிற அதே குரலில் படித்தார்.

கணினி திறந்தது. பையன் தேறினான். வகுப்பில் அன்றிலிருந்து அவனுக்கு 'பாய்' என்று பெயர். கணினிக்குள்ளிருந்த ரகசியத்தைத்தான் ஒருவராலும் தொட முடியவில்லை.

மறுநாள் மதியம் மறுபடியும் தெரியாத எண். எடுத்ததுமே வசவு. "ஏம்ப்பா, உங்க மண்டையில மசாலா இருக்கா? உங்ககிட்ட பேசுறதுக்குச் சுவத்துல முட்டிக்கலாம்! நம்பரைச் சொல்லுங்க!"

காவலாளி பொறுமையாகக் கடைசி வரை கேட்டார். குரலும் அதேதான், வசவும் அதேதான்.

"ஏண்டா எலி," என்றார், "என் பையன் ஒரு தடவை திட்டினான்னா மூணு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு என்கிட்ட பேசவே மாட்டான். அடுத்த தடவை அதையும் விசாரிச்சிட்டு வா."