இருபதாம் நம்பர் பல்

மனைவி மோட்டார் சைக்கிள் வாங்கியதை லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அதில் ஏபிஎஸ் இருந்தது. எவ்வளவு அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காது என்று கடைக்காரர் சொன்னதும்தான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. தான் கையெழுத்துப் போட்ட லிஃப்டிலேயே ஏறாமல் படியேறிப் போகிற மனிதர் அவர்.

மனைவி பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடந்தவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மண்ணில் புரள வேண்டும் போலிருந்தது. கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓரகத்தி அவளைப் பழைய கல்குவாரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு கிளப், சரளைச் சரிவில் மேலும் கீழும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாளே டாக்டர் மானம் போனது. சரிவில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினாள். கால் பெடல் கடகடவென்று அதிர்ந்ததே தவிர, வண்டி நிற்கிற உத்தேசத்தில் இல்லை. மெதுவாக, மிக மரியாதையாக இறங்கிப் போய், கிளப் தலைவரின் மடக்கு நாற்காலியை அவரோடு சேர்த்து மடக்கிவிட்டது. தலைவருக்கு அடி ஒன்றும் இல்லை. காபி மட்டும் கொட்டிப்போனது.

"உங்க மேல தப்பில்லக்கா," என்றாள் ஓரகத்தி. "தார் ரோட்டுல ஏபிஎஸ் தெய்வம். சரளைல சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலே, அது பயந்துபோய் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். இங்க சக்கரம் இறுகணும், கல்லைக் குவிச்சு நிக்கணும். இங்க ஓட்டுறப்ப மட்டும் அதை ஆஃப் பண்ணிருங்க."

"பட்டன் எங்க இருக்கு?"

"உங்க வண்டில பட்டன் கிடையாது. சீட்டுக்கு அடியில ஃப்யூஸ் இருக்கு. அதைப் புடுங்கணும்."

புடுங்குவது என்றதும் டாக்டருக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, பல் பிடுங்கும் குறடு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். முதலில் பிடுங்கியது ஹாரன் ஃப்யூஸ். அதைத் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததைப் பிடித்து, லேசாக ஆட்டி, ஒரு சுழற்று சுழற்றி எடுத்தாள். கடைவாய்ப் பல் அளவில், மஞ்சளாக, இரண்டு கால்களோடு இருந்தது; தலையில் இருபது என்று எழுதியிருந்தது. "வலிச்சுதா?" என்று வண்டியைக் கேட்டாள். பழக்க தோஷம்.

அன்று பின்சக்கரம் சர்ரென்று இறுகி, கற்களைக் குவித்துக்கொண்டு நின்றது. இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். தலைவர் மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் போன் வந்தது. ரிட்டயர்டு நீதிபதி ஒருவர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி, வேறெந்த டாக்டரும் கதவைத் திறக்கவில்லை. டாக்டர் அப்படியே கிளம்பினாள். பாதி வழியில்தான் ஃப்யூஸ் சட்டைப் பையிலேயே இருப்பது நினைவு வந்தது. ஏபிஎஸ் இல்லை என்று மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓரமாக உருட்டிக்கொண்டே க்ளினிக் போய்ச் சேர்ந்தாள்.

கோட்டை மாட்டும் முன் ஃப்யூஸைப் பத்திரமாகப் பஞ்சில் சுற்றி மேஜையில் வைத்தாள். நீதிபதியின் பல்லை எடுத்தாள். "அது என் சொத்து. என்கிட்ட கொடுத்துருங்க," என்றார் அவர், வாயில் பஞ்சோடு. அதையும் பஞ்சில் சுற்றினாள். ஒரு பொட்டலம் அவர் கைக்குப் போனது. இன்னொன்று இவள் கைப்பைக்குள் போனது.

வீட்டின் கீழ்த்தள பார்க்கிங்கில் கணவர் நின்றிருந்தார். வண்டி நிற்கும் முன்பே மஞ்சள் விளக்கைப் பார்த்துவிட்டார்.

"அது என்ன?"

"அழகுக்குங்க."

"எவ்வளவு ஸ்பீடுல வந்தே?"

"மீட்டர்ல பூஜ்யம்தான் காட்டிச்சு." அது பொய்யில்லை. அந்த ஃப்யூஸைப் பிடுங்கினால் வேகம் காட்டும் முள்ளும் சேர்ந்து படுத்துவிடும்.

கணவர் குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். பிரேக்கைப் பற்றி யார் மழுப்பினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அதுதான் அவர் தொழில். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"குவாரில மட்டும்தாங்க. இதோ, இப்பவே மாட்டிடறேன்."

சீட்டைக் கழற்றி, பொட்டலத்தைப் பிரித்து, இருட்டில் தடவி அழுத்தினாள். உள்ளே போகவில்லை. திருப்பி அழுத்தினாள். கணவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு செல்போன் டார்ச்சை அடித்தார்.

"ஏம்மா," என்றார் நிதானமாக, "ஃப்யூஸுக்கு சொத்தை விழுமா?"

அவள் கையில் நீதிபதியின் கடைவாய்ப் பல் இருந்தது.

அதே நேரம் போன் அடித்தது. நீதிபதிதான்.

"டாக்டரம்மா, நீங்க மருந்துச் சீட்டுல நாற்பத்தாறாம் நம்பர் பல்லுன்னு எழுதினீங்க. மனுஷனுக்கு முப்பத்திரண்டுதானே, நாற்பத்தாறு எங்கிருந்து வந்துச்சுன்னு அப்பவே கேக்க நினைச்சேன். இப்பப் பிரிச்சுப் பாத்தா இருபதுன்னு போட்டிருக்கு. வேற யாரோட பல்லையோ எடுத்துட்டீங்களா?"

"இல்ல சார். நாற்பத்தாறுன்னா கீழ் வலது கடைவாய்னு எங்க டாக்டர் கணக்கு. உங்க பல் பத்திரமா இருக்கு."

"எங்க?"

"என் மோட்டார் சைக்கிள்ல."

பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில்கூட இப்படி ஒரு வாக்குமூலத்தை அவர் கேட்டிருக்க மாட்டார்.

நீதிபதி ஆட்டோ பிடித்து வந்தார். கன்னம் வீங்கியிருந்தது, ஆனால் கோபம் இல்லை. பொருள்கள் கைமாறின. ஃப்யூஸ் டிக்கென்று உட்கார்ந்தது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்தது. பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நீதிபதி, "கிரீஸ் ஒட்டியிருக்கே," என்று மட்டும் சொன்னார். டாக்டர் அதை அங்கேயே ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள்.

அன்று ராத்திரி கணவர் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவும்போதுதான் சொன்னார்.

"அடுத்த வாரம் நானும் வரேன். ஃப்யூஸ் என் கையிலதான் இருக்கணும். மாட்டின பிறகுதான் நீ ரோட்டுல ஏறணும்."

வந்தார். ஃப்யூஸைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் சரிவின் உச்சியிலிருந்து இறங்கினாள். சக்கரம் இறுகி, கல் சிதறி, புழுதி கிளம்பி, வண்டி சொன்ன இடத்தில் நின்றது. ஓரகத்தி கை தட்டினாள்.

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "எப்படிங்க?"

அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்திருந்தார்.

"இன்னொரு தடவை இறங்கு," என்றார். "இந்தத் தடவை கண்ணைத் திறந்து பாக்கறேன்."