விளக்கு பிடித்தவன்

எங்கள் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஓட்டம் முடிந்ததும் கார் விற்பனைக்கு நிற்க வேண்டும். எல்லாக் காருக்கும் சங்கம் வைத்த ஒரே விலை. பந்தய உரிமம் வைத்திருக்கும் எவனும் அலுவலக ஜன்னலில் சீட்டு எழுதிப் போடலாம். இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். தர மாட்டேன் என்றால் உன் உரிமம் போச்சு. பணக்காரன் காசைக் கொட்டி என்ஜினைத் தேற்றி ஏழையை ஜெயித்துவிடக் கூடாதாம். நல்ல எண்ணம்தான், அதில் மண் விழ!

நான் கொட்டியது காசு இல்லை. ஒரு முழுக் குளிர்காலம்.

இலையுதிர் காலத்தின் கடைசிப் பந்தயத்தில், காவ்ஹவா ஊருக்கு வெளியே மண் தடத்தில், என் கார் வெள்ளைப் புகை கக்கி நின்றது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் தகடு. பட்டறைக்குக் கொடு என்றாள் என் மனைவி ரைலி. எவனோ கை வைத்தால் அது என் என்ஜினா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

துணைக்கு ஓஸ்மோ வந்தான். பக்கத்து வீட்டுக்காரன். அவனும் ஒரு காலத்தில் ஓட்டியவன்தான். அவன் கார் நசுங்கிய பிறகு உரிமத்தை மட்டும் வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்தான். என் கொட்டகையில் அவனுக்கு ஒரே வேலை, விளக்கு பிடிப்பது. குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடும் எங்கள் ஊரில் அது சின்ன வேலை இல்லை.

"ஏன்டா கலேவி, இது ஓட ஆரம்பிச்சா எனக்கு ஒரே ஒரு ஓட்டம் தருவியா?"

"ஆசை தோசை! வேணும்னா சொந்தமா ஒரு கார் வாங்கிக்க. விளக்கை நேராப் பிடிடா."

புதுக் கேஸ்கட் போட்டேன். போல்ட்டுகளைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கே முறுக்கினேன். அளவு வந்ததும் ரெஞ்ச் 'டக்'கென்று சொல்லும், சொன்னது. என்ஜின் சூடேறியது. தண்ணீர்த் தொட்டியில் குமிழி. தகடு இன்னும் கசிகிறது. மறுபடி பிரித்தேன். ஹெட்டை டவுனுக்குக் கொண்டுபோய் மட்டம் இழைத்து வந்தேன், இரண்டாவது கேஸ்கட் போட்டேன். குமிழி. கொட்டகையில் விரல் விறைத்ததால் ஹெட்டைச் சமையலறை மேசைக்குத் தூக்கிவந்து சுரண்டினேன்.

"இந்தா பாரு, காப்பியில ஆயில் மிதக்குது," என்றாள் ரைலி. "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"கொஞ்சம் பொறு."

"எது வரைக்கும்?"

சவுனாவில், எங்கள் வீட்டு நீராவிக் குளியலறையில், போய் உட்கார்ந்து அழுதேன். அங்கே அழுதால் வியர்வை என்று விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது கேஸ்கட்டும் குமிழி விட்ட அன்று ரெஞ்சை வீசினேன், ஜன்னல் உடைந்தது. பனி உள்ளே வந்தது. ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தோற்றுப்போனவன் மண்ணைக் கிளறுவதுபோல, ரைலியின் பின்னல் ஊசியை எடுத்து ஒரு போல்ட் துளைக்குள் சும்மா விட்டேன். ஈரமாக வெளியே வந்தது.

அடுத்த துளையும் ஈரம். அதற்கடுத்ததும். அடியில் பழைய தண்ணீர் தேங்கிக் கிடந்திருக்கிறது. வெளியேற வழியில்லாத தண்ணீரின் மேல் போல்ட் போய் முட்டிக்கொண்டு நிற்க, ரெஞ்ச் 'டக்'கென்று பொய் சொல்லியிருக்கிறது. குளிர்காலம் முழுக்க நான் தண்ணீரை முறுக்கியிருக்கிறேன்.

"துளையைத் துடைக்கலையாடா நீ?" என்றான் ஓஸ்மோ. அந்த விளக்காலேயே அவன் மண்டையில் போட வேண்டும்போல் இருந்தது.

ஒவ்வொரு துளையாகத் துடைத்துக் காய வைத்தேன். நான்காவது கேஸ்கட். என்ஜின் சூடேறியது, இன்னும் சூடேறியது, ஒரு குமிழி இல்லை. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். ஓஸ்மோவின் கண்ணும் கலங்கியிருந்தது. குளிர் என்றான்.

இனி ஒரே பயம். இதை எவனாவது வாங்கிவிட்டால்? விதி விதிதான், ஆனால் விருப்பம் வராமல் செய்யலாமே. கதவுக்குத் துரு நிறத்தில் சாயம் பூசினேன். மே மாதப் பந்தயத்தன்று, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் காருக்கு அடியில் படுத்து, சூடான புகைக்குழாயில் ஆயில் தடவினேன். மைதானமே நாறுமளவு புகைந்தது.

"என்னய்யா, இது இன்னைக்கே செத்துரும் போலிருக்கே?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஆயிலும் குடிக்குது, தண்ணியும் குடிக்குது, எனக்குத்தான் குடிக்க ஒண்ணும் மிச்சமில்ல," என்று ஒப்பாரி வைத்தேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். இறுதி ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். அப்போதும் ஒருவனும் கிட்டே வரவில்லை. தப்பித்தோம் என்று நெஞ்சில் கை வைத்தேன்.

ஒலிபெருக்கி இரைந்தது. "எழுபத்திநாலாம் நம்பர் கார். ஒரு சீட்டு."

என் நம்பர். அலுவலகத்துக்கு ஓடினேன். அலுவலக ஜன்னலடியில் சாசேஜ் தின்றுகொண்டு, மீசையில் கடுகுச் சாந்து ஒட்ட, ஓஸ்மோ நின்றான்.

"நீயாடா?"

"நான்தான்."

"புகையைப் பாத்தேயில்ல? அது குப்பைடா!"

"பைப்புல நீ ஆயில் தடவினப்ப விளக்கு பிடிச்சது யாருடா?"

பாவி! ஊரையே ஏமாற்றினேன், அதுவும் இவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு. "ஏன்டா இப்படிப் பண்ணின?" என்றேன்.

"ஒரு ஓட்டம் கேட்டேன். சொந்தமா வாங்கிக்கன்னு சொன்ன," என்றான். கிண்டலே இல்லை அவன் முகத்தில். இருந்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். "சனிக்கிழமை வீட்டுக்கு வா. முதல் பந்தயம் முடிஞ்சாச்சு, போல்ட்டை ஒரு தரம் பாக்கணும்ல."

கையெழுத்துப் போட்டேன். காரை ஏற்றிவந்த டிரெய்லர் காலியாக வழியெல்லாம் கடகடவென்று ஆடியது. போக மாட்டேன், செத்தாலும் போக மாட்டேன் என்று ரைலியிடம் கத்தினேன். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை போனேன். வேறு எங்கே போக?

"நேராப் பிடிடா," என்றான் ஓஸ்மோ.

பிடித்தேன்.