எட்டு விரலில் பத்து மன்றாட்டு

செங்கதிர் கீழ்வானில் முகங்காட்டும் முன்னரே வெண்ணிறப் பேருந்துகள் விரைந்து வந்து உறக்கம் கலையாத மாந்தரை இறக்கிச் செல்ல, முன்னாளில் நெல்லும் இந்நாளில் வண்டியுறுப்பும் விளையும் வல்லம் வடகால் நிலப்பரப்பு, மழையையும் மாட்டையும் அறவே மறந்து மின்னாற்றல் ஒன்றையே நம்பிப் பொலியும் காலைப்பொழுது, கற்றறிந்த அன்பீர், காணத்தக்க காட்சியாகும். சங்கு ஊதும், கதவம் திறக்கும், காவலர், பெண்டிரின் வளையும் மாலையும் களையச் செய்வர். பணியாளர் நலனில் கொண்ட அக்கறையே காரணம் எனச் சுவரில் எழுதியிருந்தது. அக்கறை முழுவதும் அச்சுவரிலேயே இருந்தது.

அத்தகைய ஆலை ஒன்றில் தகடு வெட்டும் பொறியில் பணிபுரிந்தவள், வடக்குப்பட்டு மெர்சி. செபமாலையை வாயிலிலேயே கழற்றிவிடுவதால், அருள் நிறைந்த மரியே எனத் தொடங்கும் மன்றாட்டைப் பத்து விரல்களில் பத்துமுறை எண்ணி, பொறியின் ஓசைக்கு இசையத் தனக்குள் மொழிந்தவாறே வேலை செய்வாள். இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாலன்றி அப்பொறியின் வெட்டலகு இறங்காது. கை உள்ளே சிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆயினும் உற்பத்தி பெருகவேண்டும் என்னும் வேட்கை மீதூர, மேற்பார்வையாளர் புருஷோத்தமன் இடப்பொத்தானை அழுந்திய நிலையிலேயே ஒட்டுநாடாவால் சுற்றிவைத்தார். மூன்றாம் நாள், தகட்டை நேராக்கப் புகுந்த மெர்சியின் இடக்கையில் இரு விரல்கள் அற்று வீழ்ந்தன.

விந்தை யாதெனில், இருக்கும் விரல்களினும் இல்லாத விரல்களே மிகுதியாய் வலித்தன. உடன் பணிபுரியும் பாப்பம்மாள் கஞ்சியோடு மருத்துவமனைக்கு வந்தபோது, கட்டுப்போட்ட கையை மடியில் கிடத்தி மெர்சி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இன்னாடி முணுமுணுத்துக்கினு கீற? உங்க மாதா வேடிக்க பாத்துக்கினுதான இருந்துச்சு?"

"அதையும் கேட்டுட்டேன்க்கா. சண்டையே போட்டேன். பதில் வரல. அதுக்காகப் பேசாம இருந்துடுவனா?"

"எட்டு வெரல வெச்சிக்கினு பத்து எப்டி எண்ணுவ?"

"போன ரெண்டும்தான் ஜாஸ்தி வலிக்குது. அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கறேன்."

அங்ஙனம் எண்ணுந்தோறும் வலி குறைந்ததில்லை. ஆனால் அதுகாறும் அவளை ஆட்டிப்படைத்த வலி, அவள் ஏவிய பணியைச் செய்யலாயிற்று.

முப்பதாம் நாள் ஆலைக்கு மீண்டவளையும், துணைக்கு வந்த பாப்பம்மாளையும் புருஷோத்தமன் தம் அறைக்கு அழைத்து, தொழிலாளர் அதுவரை அவ்வறையில் கண்டிராத தேநீரை நல்கி, அச்சிட்ட தாளொன்றை நீட்டினார். செபம் சொல்லிக்கொண்டிருந்ததால் கவனம் சிதறி விரல் இழந்தேன் என்றது அத்தாள்.

"சாமி கும்புட்டது தப்புன்னு யாரும் சொல்லலம்மா. ஒரு சைன் போட்டா, பேக்கிங்ல ஒக்காந்து பாக்கற வேல. போடலன்னா நாளைக்கு கேட்லயே நிறுத்திடுவாங்க."

மெர்சி கண்மூடினாள். இல்லாத இரு விரல்களில் தொடங்கி, பத்து மன்றாட்டையும் வாய்விட்டே சொல்லி முடித்தாள். இடைமறிப்பது முறையா என்று அறியாத மேற்பார்வையாளர், தேநீர் ஆறும்வரை காத்திருந்தார்.

"செபம் சொன்னது நெசம் சார். இத்தன நாள் என்னைத் தாங்கினு இருக்கறது அதுதான். அதப் போயி என் கைய வெட்டுச்சுன்னு எழுதச் சொல்றீங்க. போடமாட்டேன்."

தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ஒட்டுநாடா சுற்றியவர் பெயரும் சுற்றிய நாளும் எழுதிக் கையொப்பமிட்டாள். பாப்பம்மாள் எழுதுகோலை வாங்கிச் சாட்சியாய்த் தன் பெயரையும் பொறித்தாள்.

"என் சாமி வேற சார். ஆனா டேப்பு சுத்தினத இந்தக் கண்ணாலதான் பாத்தேன்."

மறுநாள் இருவருக்கும் வாயில் அடைபட்டது. வலி நீங்கிற்றோ எனின், இல்லை. நீதி வந்ததோ எனின், தொழிலாளர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கச் சொல்லியுள்ளனர். அங்கே நீண்ட பலகையின் ஓரத்தில் உதடசைய நிமிர்ந்தே அமர்ந்திருக்கின்றாள் மெர்சி. மன்றாடிப் பழகியோர் மண்டியிடும் இடம் ஒன்றே என்பதைப் புருஷோத்தமன் அறிந்திருப்பாராயின், அத்தாளை அச்சிட்டே இருக்கமாட்டார்.