மழைமேல் போட்ட பழி

வண்டித் தகுதிச் சோதனையில் நர்ஸக்காவின் கார் தேறவில்லை. ‘வலது முன்சக்கரத்தில் பிரேக் பிடிமானம் குறைவு’ என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. கார் இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி. ஊர்ந்து ஊர்ந்து தம்பியின் பட்டறைக்கு ஓட்டி வந்தாள்.

தம்பி வாயாடி. “உன் நோயாளிங்களைவிட உன் கார்தான் அதிகமா முனகுது” என்று சிரித்துக்கொண்டே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். சிரிப்பு பாதியில் நின்றது.

“அக்கா, இங்க வா.”

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளங்கள். அதைக் கவ்விப் பிடிக்கும் உள்பக்கப் பேடில் தேய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை, வெறும் இரும்பு. வெளிப்பக்கத்தது பாதிகூடத் தேயவில்லை.

“பேடை அழுத்தற காலிப்பர் நகர்ற கம்பி துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. அதான் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. இடது சக்கரம் நல்லாப் பிடிக்கும், இது பிடிக்காது. அழுத்தி மிதிச்சா வண்டி இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிடும்.”



இரண்டு மாதத்துக்கு முன், மழையில், ஓர் இறக்கத்தில், சாலையின் இடது ஓரமாகச் சைக்கிளில் போன தையல்காரரை இந்தக் கார்தான் இடித்தது. அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மழையில் சறுக்கிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போலீஸில் அவளும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். “மழைக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க” என்று அவரே அவளைத் தேற்றினார். புண் ஆறமாட்டேன் என்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவள்தான் போய்க் கட்டு மாற்றுகிறாள். அவர் அவளை இப்போது தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

“இது எப்பத்திலேருந்துடா இப்படி?”

“நாலஞ்சு மாசம் இருக்கும். பேட் தேஞ்சா கத்தறதுக்குன்னே ஒரு தகடு இருக்கு, இதோ பாரு. ஊரே திரும்பிப் பாக்கும். உனக்குக் கேக்கலையா?”

கேட்டது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. பேடைப் பழைய இரும்புக் குவியலில் வீசினான்.

“மழைதான்க்கா. நான் எதையும் பாக்கல. நீயும் வாயைத் திறக்காதே. சொன்னா மட்டும் கால் திரும்ப முளைக்கவா போகுது?”

துருவைத் தேய்த்து எடுத்து, கிரீஸ் தடவி, இரண்டு பக்கமும் புது டிஸ்க்கும் பேடும் மாட்டிக் கொடுத்தான். மறுநாள் கார் தேறிவிட்டது. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தையல்காரரின் அறையில் மிஷினை ஒரு போர்வையால் மூடி மூலையில் தள்ளியிருந்தார்கள். பழைய கட்டைப் பிரித்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுண்ணா.”

அவர் மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் மனைவி வந்து துணிச்சுருளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “மிச்சத்தை நான் கட்டிக்கறேன். இனிமே வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க.”

அன்று இன்னும் மூன்று வீடுகளில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் அந்த வீட்டின் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரவில்லை என்று யாருக்கும் போன் செய்யக்கூட அவளுக்கு மனம் எழவில்லை.